வடை சுட்ட ஆயா

1994-ஆம் ஆண்டின் காலாண்டுத் தேர்வு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்த ஓர் இரவை நான் இன்றும் மறக்கவில்லை. தென்னார்க்காட்டிலிருந்து பிரிந்து விழுப்புரம் தனி மாவட்டமாகி அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது. விழுப்புரத்துப் பள்ளி ஒன்றில் நான் ஆறாம் வகுப்புக்குத் தமிழாசிரியன். வினாத்தாளின் கடைசி வினா, குறிப்புகளைக் கொண்டு கதை எழுதுவது. பாட்டி, வடை, காகம், நரி, பாட்டு, ஏமாற்றம், நீதி என ஏழு சொற்கள் கொடுத்திருந்தோம். மதிப்பெண் ஐந்து.

நாற்பது பிள்ளைகளும் ஒரே கதையைத்தான் எழுதியிருந்தார்கள். காகம் வடையைத் திருடியது, நரி காகத்தைப் புகழ்ந்தது, காகம் வாயைத் திறந்தது, வடை விழுந்தது. நீதி, புகழ்ச்சிக்கு மயங்கக் கூடாது. தூக்கக் கலக்கத்திலும் மதிப்பெண் போட்டுவிடக்கூடிய விடை அது. நாற்பத்தோராவது தாள் ஒரு சிறுமியுடையது. அவள் இப்படி எழுதியிருந்தாள்:

"ஆயா விடியறதுக்கு முன்னே எழுந்து உளுந்து ஆட்டினாள். அடுப்பு மூட்டி வடை சுட்டாள். காகம் ஒரு வடையை எடுத்துக்கொண்டு போனது. நரி அதை வாங்கித் தின்றது. ராத்திரி ஆயா கணக்குப் பார்த்தாள். ஒரு வடைக் காசு குறைந்தது. காகம் ஜெயித்தாலும் நரி ஜெயித்தாலும் ஆயாவுக்கு யாரும் காசு கொடுக்கவில்லை. நீதி: வடையைத் தட்டுப் போட்டு மூடி வைக்க வேண்டும்."

நான் சிரித்தேன். பிறகு சிவப்பு மையால் 'ஆயா' என்ற சொல்லை ஒவ்வோர் இடத்திலும் அடித்து, 'பாட்டி' என்று திருத்தினேன். பாட்டு எங்கே, ஏமாற்றம் எங்கே என்று ஓரத்தில் எழுதினேன். நீதி தவறு என்று குறித்தேன். ஐந்துக்குச் சுழியம் போட்டேன். மறுநாள் வகுப்பில் அந்த விடையை உரக்கப் படித்தும் காட்டினேன். வகுப்பே சிரித்தது. அச்சிறுமி எழுந்து நின்றவள், நான் உட்காரச் சொல்லும்வரை உட்காரவில்லை.

அவளுடைய ஆயா, விழுப்புரம் இரயில் நிலையத்துக்கு வெளியே வடை விற்றுக்கொண்டிருந்தவர் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சிரித்திருக்க மாட்டேனா என்று என்னையே பலமுறை கேட்டிருக்கிறேன். நேர்மையாகச் சொல்வதானால், அப்போதும் சுழியமே போட்டிருப்பேன். கதையில் யார் முக்கியமானவர், எது நீதி என்பதையெல்லாம் நூலும் ஆசிரியரும் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார்கள். பிள்ளையின் வேலை அதைப் பிழையின்றித் திருப்பிச் சொல்வது மட்டுமே என்பதுதான் என் அன்றைய கல்விக் கொள்கை. யார் சொன்னாலும் சொல்லப்பட்டதன் மெய்யைக் காண்பதே அறிவு என்னும் வள்ளுவர் கருத்தைக் கரும்பலகையின் மூலையில் எழுதி வைத்திருந்த அதே கைதான் அந்தச் சுழியத்தையும் போட்டது.

அச்சிறுமி அழுதுகொண்டு பள்ளியை விட்டு ஓடிவிடவில்லை. அதைவிடத் துயரமான ஒன்று நிகழ்ந்தது. அவள் நல்ல மாணவியாக மாறினாள். அரையாண்டுத் தேர்வில் உரைநூலில் உள்ளதை எழுத்துப் பிசகாமல் எழுதினாள். நானும் மகிழ்ந்து முழு மதிப்பெண் கொடுத்தேன். எட்டாம் வகுப்புக்குப் பிறகு அவள் வரவில்லை. குடும்பம் கட்டட வேலைக்குச் சென்னை சென்றுவிட்டதாகச் சொன்னார்கள். இரயில் நிலையத்து வாசலில் ஆயா உட்காரும் இடத்தில் வேறொருவர் வெற்றிலை விற்றுக்கொண்டிருந்தார். அந்த மூன்றாண்டுகளில் அவள் தன் சொந்தச் சொல்லில் ஒரு வரியும் எனக்கு எழுதித் தரவில்லை.

அதே ஆண்டுகளில் நம் பகுதியில் அறிவொளி இயக்கம் நடந்துகொண்டிருந்தது. பகலில் பள்ளியில் பாடம் நடத்திய நான், இரவில் அரிக்கேன் விளக்கொளியில் கூலித் தொழிலாளருக்கு எழுத்தறிவித்தேன். அறிவொளிப் பாடநூல் 'அம்மா, ஆடு' என்று தொடங்கவில்லை. 'பட்டா' போன்ற சொற்களிலிருந்து தொடங்கியது. எழுத்தைக் கற்பிக்கும் முன்பே, பட்டா யார் பெயரில் இருக்கிறது, ஏன் பெண்கள் பெயரில் இல்லை என்ற பேச்சு எழ வேண்டும் என்பது அதன் முறை. பெரியவர்களை இரவில் கேள்வி கேட்கத் தூண்டிவிட்டு, பகலில் ஒரு குழந்தையின் கேள்விக்குச் சுழியம் போட்டவன் நான். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க எனக்கு நெடுங்காலம் ஆயிற்று.

அந்த முறைக்கு மூலவர்களுள் ஒருவர் பிரேசில் நாட்டுக் கத்தோலிக்கப் பொதுநிலையினரான பவுலோ ஃபிரெய்ரே (1921–1997). 1963-இல் அங்கிகோஸ் என்னும் சிற்றூரில் ஏறத்தாழ முந்நூறு தொழிலாளருக்கு நாற்பது மணி நேரத்தில் எழுத்தறிவித்துக் காட்டியவர். மறு ஆண்டு இராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் சிறைப்பட்டு, பின்னர் நாட்டை விட்டே வெளியேற நேர்ந்தவர். எழுத்தறிவிப்பு அத்தனை அச்சம் தருவதா என்று வியப்பவர்கள், அவர் கற்பித்த முறையைப் பார்க்க வேண்டும். கட்டடத் தொழிலாளரிடையே அம்முறையில் வைக்கப்பட்ட சொற்களுள் ஒன்று 'செங்கல்'. முதலில் படம், பிறகு பேச்சு. செங்கல்லைச் செய்பவர் யார்? அதில் எழும் வீடு யாருடையது? அதற்குப் பிறகே எழுத்து. சொல்லைப் படிப்பதும் உலகைப் படிப்பதும் ஒன்றையொன்று பிரியாதவை என்பது அவர் காட்டிய உண்மை. கல்வியாளர் இதனை விமர்சன வாசிப்பு என்கின்றனர். ஒரு நூலை நம்புவதற்கு முன் அதனோடு பேசிப் பார்ப்பது என்று நான் எளிமையாகச் சொல்லிக்கொள்கிறேன்.

ஓய்வு பெற்ற பின் சனிக்கிழமைதோறும் விழுப்புரத்திலிருந்து பயணிகள் வண்டியில் திண்டிவனம் செல்கிறேன். முண்டியம்பாக்கத்துச் சர்க்கரை ஆலையின் பாகு மணம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலத்துக் குன்று என்று ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர். திண்டிவனத்திற்கு அருகே ஒரு சிற்றூரில் கோயிலை ஒட்டிய அறையில் பிள்ளைகளுக்குக் கதைப் புத்தகம் படித்துக் காட்டுவது என் வேலை. பதினான்கு பிள்ளைகள் வருகிறார்கள். நம் கிறித்தவப் பிள்ளைகள் ஐவர். வீட்டில் உருது பேசும் இசுலாமியச் சிறுமியர் இருவர். மேல்சித்தாமூர் மடத்தைச் சார்ந்த தமிழ்ச் சமணக் குடும்பத்துச் சிறுமி ஒருத்தி. உணவகத்தில் வேலை செய்யும் பீகார்க்காரரின் மகன் ஒருவன். செங்கற்சூளையிலிருந்து வரும் இருளர் வீட்டுப் பிள்ளைகள் மூவர். மற்ற இருவர் ஊரில் உழவர் வீட்டுப் பையன்கள். பன்முகப் பண்பாடு என்ற சொல்லை வெளிநாட்டுக் கல்வி நூல்களில் தேட வேண்டியதில்லை; அது நம் பாயின்மேல் சம்மணமிட்டு அமர்ந்திருக்கிறது. ஆனால் நாம் அவர்கள் கையில் கொடுக்கும் கதைகளில் அது இருக்கிறதா?

இக்கேள்வி நமக்கு மட்டும் உரியதன்று. 1965-இல் நான்சி லாரிக் என்ற அமெரிக்கக் கல்வியாளர், அதற்கு முந்தைய மூன்றாண்டுகளில் அங்கே வெளியான ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட சிறுவர் நூல்களை ஆராய்ந்தார். கறுப்பினத்தவர் ஒருவராவது இடம்பெற்றவை நூற்றுக்கு ஏழு கூட இல்லை. அவர் தம் கட்டுரையை ஓர் ஐந்து வயதுக் கறுப்பினச் சிறுமியின் கேள்வியிலிருந்து தொடங்கினார்: படங்களில் இருக்கும் பிள்ளைகள் எப்போதும் வெள்ளைக்காரப் பிள்ளைகளாகவே இருப்பது ஏன்? 1990-இல் ருடின் சிம்ஸ் பிஷப் என்னும் கறுப்பினப் பேராசிரியை, நூல்கள் பிள்ளைகளுக்குத் தம் முகத்தைக் காட்டும் கண்ணாடியாகவும் பிறர் உலகைக் காட்டும் சன்னலாகவும் அமைய வேண்டும் என்று விளக்கினார். இதைப் படித்த நாளில் எனக்கு என் சிவப்பு மை நினைவுக்கு வந்தது. 'ஆயா' என்ற அந்த ஒரு சொல்தான் அச்சிறுமிக்குக் கிடைத்திருந்த கண்ணாடி. நான் அதைத்தான் அடித்துத் திருத்தினேன்.

சூளையிலிருந்து வரும் சிறுவன் ஒருவன் இரண்டு மாதங்கள் வாயே திறக்கவில்லை. சூளை வேலைக்கு முன்பணம் வாங்கிய குடும்பங்கள் மழைக்காலம் முடிந்ததும் ஊர்விட்டு வந்து, அடுத்த மழை தொடங்கும்வரை அங்கேயே தங்குகின்றன. பிள்ளைகளின் பள்ளி நடுவில் அறுபடுகிறது. இருளர் மக்களின் உரிமைக்காகவும் தாய்மொழிக் கல்விக்காகவும் திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி போன்றோர் பல்லாண்டுகள் உழைத்திருக்கிறார்கள். ஆயினும் பாதை இன்னும் நீளமானது. ஃபிரெய்ரேயின் நினைவில் ஒருநாள் கரும்பலகையில் 'செங்கல்' என்று எழுதினேன். அச்சிறுவன் நிமிர்ந்தான். சேறு மிதிப்பது, அச்சில் கல் அறுப்பது, பச்சைக்கல்லைத் திருப்பிப் போட்டுக் காய வைப்பது, சூளை அடுக்குவது, மழை வந்தால் பச்சைக்கல் கரைந்து கூலியும் கரைவது என்று அரை மணி நேரம் பேசினான். நூறுக்குமேல் எண்ணத் தெரியாது என்று நான் நினைத்திருந்த பையன், ஆயிரம் கல்லை எப்படி வரிசை வைத்து எண்ணுவது என்று எங்களுக்குக் கற்பித்தான். திருப்பிப் போடுவது யார் வேலை என்று சமணச் சிறுமி கேட்டாள். "எங்க வேலைதான்" என்றான். அதற்குப் பிறகு சிறிது நேரம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

நான் வெற்றி பெற்றுவிட்டதாக எண்ணினேன். அவன் சொன்னதையெல்லாம் எழுதி, படம் வரைந்து, சிறு நூலாகத் தைத்து அடுத்த வாரம் கொண்டுபோனேன். அவன் அதைப் புரட்டிப் பார்த்தான். அட்டையைத் தடவிப் பார்த்தான். பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டு, "சார், ராஜா கதை சொல்லுங்க சார்" என்றான்.

அவன் எனக்குச் சொன்ன பாடம் இது: சூளையில் வாழும் பிள்ளைக்குக் கதையிலும் சூளையையே காட்டிக்கொண்டிருப்பதும் ஒருவகைச் சிறைதான். கண்ணாடி வேண்டும், சன்னலும் வேண்டும். துன்பப்படுபவனுக்குத் துன்பக் கதை மட்டுமே உரியது என்று தீர்மானிக்க நான் யார்? அவனுக்கு அரசர் வேண்டும், குதிரை வேண்டும், கோட்டை வேண்டும்.

ஆகவே செஞ்சிக் கதையைச் சொன்னேன். 2025-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுள் இடம்பெற்ற செஞ்சிக் கோட்டை எங்கள் அறையிலிருந்து மேற்கே ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம். அதை ஆண்ட தேசிங்குராஜன் என்ற தேஜ்சிங், வடக்கே புந்தேல்கண்டிலிருந்து வந்த இராஜபுத்திரர் வழியினன். ஓராண்டுகூட முழுமையாக ஆளாமல், 1714-இல் ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகானின் படையோடு மோதி இளவயதிலேயே மாண்டவன். அவனுக்காக உயிர் கொடுத்த நண்பன் முகமது கான் ஓர் இசுலாமியன். அவன் தன் திருமணப் பந்தலிலிருந்தே போர்க்களத்துக்குப் புறப்பட்டான் என்று நம் பகுதியின் கதைப்பாடல் சொல்கிறது. தேசிங்கின் முன்னோர் தன் ஊர்ப் பக்கத்து மொழி போன்ற ஒன்றைப் பேசியவர்கள் என்று கேட்டதும் பீகார்ச் சிறுவன் நேராக நிமிர்ந்து உட்கார்ந்தான். முகமது கானின் பெயரைச் சொன்னபோது உருதுச் சிறுமியர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முந்நூறு ஆண்டுகளாக நம் தெருக்கூத்தில் பாடப்படும் கதைக்குள் இத்தனை பேருக்கும் இடம் இருந்திருக்கிறது.

கதை முடிந்தது. வீரத்தையும் நட்பையும் பற்றி நான் பேசத் தொடங்கியபோது அச்சிறுமியருள் இளையவள் கையை உயர்த்தினாள். "பந்தல்ல உக்காந்திருந்த அந்தப் பொண்ணு என்னா ஆச்சு சார்?"

என்னிடம் விடை இல்லை. கதைப்பாடல் அவளை அங்கேயே விட்டுவிட்டு ஆண்களோடு போர்க்களத்துக்குப் போய்விடுகிறது. ஆனால் இந்தக் கேள்வியை நான் முன்பே ஒருமுறை கேட்டிருக்கிறேன். ஆயாவுக்கு யார் காசு கொடுத்தார்கள் என்ற அதே கேள்விதான் இது. முப்பது ஆண்டுகளுக்குப் பின் மறுபடி என்னிடம் வந்திருக்கிறது. இம்முறை, "தெரியவில்லை அம்மா, நாமே யோசித்து எழுதலாமா?" என்றேன். பதினான்கு பிள்ளைகளும் மணப்பெண்ணின் கதையை எழுதினார்கள். சிலர் அவளைக் குதிரையேற்றினார்கள். ஒருவன் அவளை ஆசிரியையாக்கினான். செங்கற்சூளைச் சிறுவன், அவள் பந்தலைப் பிரித்து மூங்கிலைத் திருப்பிக் கொடுத்தாள் என்று எழுதினான். வாடகைப் பந்தல் என்பது அவன் கணக்கு.

இன்று இப்பணிக்கு உதவும் நூல்கள் முன்னைவிட மிகுதி. சென்னையில் 1996-இல் தொடங்கிய தூலிகா பதிப்பகம் இருமொழிச் சிறுவர் நூல்களைத் தருகிறது. பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய இணைய நூலகத்தில் ஒரே கதையைத் தமிழிலும் இந்தியிலும் விலையின்றி எடுத்துக்கொள்ளலாம். பீகார்ச் சிறுவன் இந்தியில் ஒரு பக்கம் படிக்க, மற்றவர்கள் அதையே தமிழில் படிக்கிறார்கள். யாரும் மொழி தெரியாதவர் ஆவதில்லை. ஐதராபாத்தில் அன்வேஷி அமைப்பு 2008-இல் கொண்டுவந்த கதை வரிசை, ஒடுக்கப்பட்டோர், இசுலாமியர் வீட்டுப் பிள்ளைகளை நாயகராக்கிக் காட்டியது. டோட்டோ-சான் என்ற ஜப்பானியச் சிறுமியைத் தமிழில் அறியாத ஆசிரியர் இன்று குறைவு. நம் மாவட்டத்தின் மரக்காணத்தையடுத்த முதலியார்குப்பத்தில்தான் 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. அதன் தொடர்ச்சியாக வந்த வாசிப்பு இயக்கம் சின்னஞ்சிறு கதைநூல்களைப் பள்ளிகளுக்குக் கொண்டுசேர்த்தது.

நூல் இருந்தால் மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். விஷ்ணுபுரம் சரவணன் எழுதிய 'கயிறு' என்ற சிறு நூல், சாதி அடையாளமாகப் பிள்ளைகள் மணிக்கட்டில் கட்டப்படும் கயிற்றைப் பற்றியது. அதை நான் படித்துக்கொண்டிருந்தபோது இரு பையன்கள் கைகளை மடிக்குள் இழுத்துக்கொண்டார்கள். நான் பார்க்காததுபோல் மேலே படித்தேன். அடுத்த வாரம் ஒருவன் கையில் கயிறு இல்லை. மற்றவன் கையில் இருந்தது. இன்றும் இருக்கிறது. அவன் தவறாமல் வருகிறான்; சூளைச் சிறுவனுக்குப் பக்கத்தில்தான் உட்காருகிறான். கதை தன் வேலையை எப்போது செய்து முடிக்கும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"பிள்ளைகளைக் கேள்வி கேட்கப் பழக்கினால் நாளைக்குப் பெற்றோரையும் கேட்பார்கள், பூசையில் சாமியாரையும் கேட்பார்கள், ஐயா" என்று பங்கிலுள்ள பெரியவர் ஒருவர் என்னிடம் வருந்தினார். அவர் அச்சத்தை நான் இழிவாக எண்ணவில்லை. ஆனால் பன்னிரண்டு வயதில் இயேசு ஆலயத்தில் போதகர் நடுவே அமர்ந்திருந்தபோது, அவர்களுக்குச் செவிசாய்த்ததோடு கேள்விகளும் கேட்டார் என்று லூக்கா காட்டுகிறார். கேட்பதும் கேள்வி கேட்பதும் அங்கே பகையாக இல்லை. கத்தோலிக்கரும் பிற சபையினரும் இணைந்து உருவாக்கிய திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பை 1995-இல் வெளியிட்டது இதே திண்டிவனத்திலுள்ள நம் நடுநிலையம். அதை விரித்து அப்பம் பலுகிய நிகழ்ச்சியைப் படித்துப் பாருங்கள். ஐயாயிரம் என்ற கணக்கில் பெண்களும் சிறுவரும் சேரவில்லை என்பதை மத்தேயுவே மறைக்காமல் குறிப்பிடுகிறார். யோவானோ, அந்த அப்பங்களை வைத்திருந்தவன் ஒரு சிறுவன் என்கிறார். எண்ணப்படாதவர் பக்கத்திலிருந்துதான் அன்று எல்லாருக்கும் உணவு வந்தது. மறைக்கல்வி வகுப்பில் இதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்க விடுவது பணிவைக் குலைக்காது, படித்ததை அவர்களுடையதாக்கும்.

வீட்டில் கதை சொல்லும் பெற்றோருக்கும் தாத்தா பாட்டியருக்கும் நான் பரிந்துரைப்பது மூன்று எளிய கேள்விகள்தாம். இந்தக் கதையை யார் சொல்கிறார்? இதில் இருந்தும் பேசாமல் இருப்பவர் யார்? அவர் சொன்னால் கதை எப்படி இருக்கும்? நீதியைப் பிள்ளை சொல்லட்டும். அது நமக்குப் பழக்கமில்லாத நீதியாக இருந்தால் சிரித்துவிடாமல் ஒரு நிமிடம் காத்திருப்போம்.

கடந்த சனிக்கிழமை மாலை திண்டிவனத்திலிருந்து திரும்பினேன். விழுப்புரம் நிலையத்துக்கு வெளியே ஓர் ஆயா வடை விற்றுக்கொண்டிருந்தார். நான் தேடும் ஆயா அல்லர். அவர் இன்று உயிரோடிருக்க வாய்ப்பில்லை. ஆனால் வடைகளின்மேல் ஒரு தட்டைக் கவிழ்த்து மூடி வைத்திருந்தார். நான் நின்று பார்த்துக்கொண்டே இருப்பதைக் கண்டு, "சூடாத்தான் இருக்குது, வாங்கிக்க சாமி" என்றார். இரண்டு வாங்கிக்கொண்டு, காசை எண்ணிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.